குளோரினில் முக்காத கத்தி

அன்பு குறையாத அண்ணனுக்கு,

உங்கள் வருஷத் திவசத்துக்குப் பேப்பர் தட்டு கூடாது, வாழையிலைதான் என்று குடும்பக் கூட்டம் தீர்மானித்திருக்கிறது. அண்ணி முன்மொழிந்தார், நான் வழிமொழிந்தேன். வந்திருந்தது நாங்கள் இருவர்தான் என்பதால் எதிர்ப்பு எழவில்லை.

ஈப்போ ஆய்வுக்கூடத்தில் எனக்கு என்ன வேலை என்று ஒருமுறை கேட்டீர்கள். வாழையைக் கொல்லும் பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று பேசுவதை ஆராய்கிறேன் என்றேன்.

“அதுங்க பேசறத ஒட்டுக் கேக்கவாடா சம்பளம்? என்னா பேசுதுங்க, பொண்டாட்டியப் பத்தியா?” என்று சிரித்தீர்கள்.

மீதியை அன்று சொல்லவில்லை. மரத்துக்குள் நுழைந்ததும் அவை தாக்குவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு ரசாயனத்தைக் கசியவிடும். கூட்டம் பெருகப் பெருக அது அடர்த்தியாகும். போதுமான ஆள் சேர்ந்துவிட்டதை அதை வைத்தே உணரும். உறங்கிக் கிடந்த மரபணுக்கள் உடனே விழிக்கும், பசை சுரக்கும், தண்ணீர் ஏறும் குழாய் அடைபடும். நீங்கள் செயலாளராக இருந்த கோயில் கமிட்டிக்குக் கடைசிவரை வாய்க்காத ஒழுங்கு.

உங்கள் கருமாதியன்று, சுங்காய் ஊரிலுள்ள உங்கள் வாழைத் தோட்டத்தில் இலை அறுக்க உங்கள் பாராங் கத்தியைத்தான் எடுத்தேன். வாய்க்கால் ஓரத் தூரில் ஓர் இலை மஞ்சளாகத் தொங்கியது. பார்த்தேன். அதிலிருந்துதான் தொடங்கினேன். கிருமி ஒட்டிக்கொண்டு போகாதிருக்க, அடுத்த தூருக்குப் போகுமுன் கத்தியைக் குளோரின் தண்ணீரில் முக்க வேண்டும். விவசாயிகளுக்கு வகுப்பெடுப்பவனே நான். குளோரின் போத்தலைத் திறந்ததும் அண்ணி ஓடி வந்தார்.

“வேணாம் தம்பி. அவரு கை பட்டது. மருந்து நாத்தம் அடிக்கும் லா. இன்னிக்கு ஒரு நாளு விடுங்க.”

மூடிவிட்டேன். ஒரே தூரை மொட்டையடிக்க மனமில்லாமல், எல்லாத் தூரிலும் இரண்டிரண்டு இலை அறுத்தேன். சில வாரங்கள் எல்லாம் பச்சையாகவே நின்றன. உள்ளே ஆள் சேர்ந்துகொண்டிருந்தது.

பிறகு அண்ணி போன் செய்தார். “தம்பி, காய வெட்டுனா உள்ள ரத்தமா இருக்கு. நம்ம ஏதும் பாவம் செஞ்சிட்டமா?”

நோயின் பெயரைச் சொன்னேன். கத்தியைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தக் குலைகளை விற்றுத்தான் அவர் பிழைத்துவந்தார். சொன்னால், தடுத்தது தான்தானே என்று உடைந்துபோக மாட்டாரா? இல்லை, அதைச் சாக்காக வைத்து என்னைக் காப்பாற்றிக்கொள்கிறேனா, அண்ணே?

திவசத்துக்கு முன் சொல்லிவிடுகிறேன். போத்தலை மூடியது என் கை என்றே சொல்வேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

தோட்டத்தில் இப்போது ஒரு மரமும் இல்லை. இலைக்கு ஈப்போ சந்தையில் சொல்லியாகிவிட்டது.

உங்கள் தம்பி,
சேகர்