சிலேட்டுமலைக்காரருக்கு விபோர்க்கிலிருந்து

அண்ணை,

இன்று எதிர்வீட்டுச் சிலேட்டுக்கல் கூரையைப் பிரிக்கிறார்கள். மழையில் நனைந்த சிலேட்டு மணம் தெருவெல்லாம். ஐந்தாம் வகுப்போடு நான் கைகழுவிய அதே சிலேட்டு. கூரையில் நின்றவனிடம், இது வேல்ஸ் கல்லு, அந்த மலையே எனக்குத் தெரியும் என்று அளந்துவிட்டேன். அங்கே நான் போனதில்லை. ஆனால் தெரியும், நீங்கள் இருந்தீர்களே.

இங்கே டேனிஷ்காரரின் இறைச்சித் தொழிற்சாலையில் ஒன்றாக நின்ற முதல் கிழமை, உங்களை இங்கிலீஷ்காரர் என்று நினைத்து, எங்களை ஆண்டது போதாதா என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைத்தீர்கள். "நான் வேல்ஸ்காரன். எங்களைத்தான் அவங்கள் முதலில ஆண்டவங்கள்," என்றீர்கள், நம் இருவருக்கும் பொதுவான அரைகுறை டேனிஷில். அன்றே நீங்கள் எனக்கு அண்ணை.

பிறகு ஒவ்வொரு இடைவேளையிலும் உங்கள் ஊர்தான். இரண்டு மலைக்கு நடுவே ஆறு, கல்பாலம், சின்னத் தேவாலயம், விரல்விட்டு எண்ணும் வீடுகள். மலையை வெட்டிக் கப்பலேற்றிய ஊர். குவாரி மூடியதும் ஆட்கள் போக, ஆடுகள் மிஞ்சின. இதை நான் எங்கள் பெடியளுக்குச் சொன்னபோது மலை இமயமளவு வளர்ந்தது. பனிமூட்டத்தில் ஒரு ராசாவின் படையே ஆற்றுக்குள் விழுந்தது. கேள்விப்பட்ட நீங்கள் மறுக்கவில்லை. "யானையும் விழுந்தது எண்டு சொல்லு," என்றீர்கள்.

அப்போது என் மனுசியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட நான் கொடுத்த விண்ணப்பம் அசையாமல் கிடந்தது. அமைச்சர் ஒருவர் எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்; பின்னாளில் இந்த நாடே தமிழர் வழக்கு என்று கதைத்த விவகாரம். பொறுத்தது போதும், திரும்பிப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னேன். சனிக்கிழமை பலகையும் மரம் அறுக்கும் வாளும் ஆணியுமாக வந்து நின்றீர்கள். உங்கள் ஊரில், வெளியூர் போனவன் திரும்பி வருவான் என்று அவனுடைய புல்லைத்தான் அயலார் முதலில் வெட்டி அடுக்குவார்களாம். "பிள்ளையின்ர கட்டில் இருக்கிற வீட்டை விட்டிட்டுப் போவியோ?" என்று கேட்டு, சுவரில் இருந்த அவள் படத்தைப் பார்த்து அளவெடுத்தீர்கள். நான் போகவில்லை.

அனுமதி வந்தது! அவர்களும் வந்தார்கள்! மகள் நேரே ஓடிக் கட்டிலில் படுத்தாள். கால் இரண்டும் முழங்காலோடு வெளியே. படத்தில் இருந்தது தவழுகிற குழந்தை. வந்தவளுக்குப் பால்பல் விழுந்திருந்தது. நானும் அவளை அந்தப் படத்தளவிலேயே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். "அண்ணை இதை ஆருக்குச் செய்தவர்?" என்றாள் மனுசி. நீங்கள் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு வாளை எடுக்கப் போனீர்கள்.

இப்போது இங்கே எந்த நாட்டுக்காரன் குடும்பத்துக்குக் காத்திருந்தாலும் பலகையோடு போவது நான்தான். நூறு கட்டில் செய்திருப்பேன், சரி, ஐம்பது. எல்லாம் கேட்ட அளவைவிட இரண்டு சாண் நீளம். பிள்ளைகள் யாருக்காகவும் வளராமல் நிற்பதில்லை, அண்ணை.