அழிக்காமல் விட்ட பக்கம்

என் செல்லக் கழுதைக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆறு வருஷம் உன்னை வீட்டிலேயே வைத்துப் பாடம் நடத்திய புத்தகங்களைப் புதுசு என்று விற்க, நீ பென்சிலால் எழுதிய விடைகளையெல்லாம் மூன்று நாள் உட்கார்ந்து அழித்தேன். நாலு ரப்பர் காலி. என் தோள்பட்டையும் காலி.

வாங்குவதற்கு, வீட்டில் பாடம் நடத்தும் இன்னொரு அம்மா தன் மகளோடு வந்தார்.

"அக்கா, எழுதின தடமே இல்லையே!"

"என் பொண்ணு எல்லாத்தையும் மனசுலயே எழுதிடுவா" என்று கூசாமல் அளந்துவிட்டேன்.

அந்தச் சின்னப்பெண் உன் கட்டுரைப் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டி, நான் அழிக்கத் தவறிய பக்கத்தை உரக்கப் படித்தாள்: "எனக்கு ஸ்கூலுக்குப் போகணும். அம்மாகிட்ட சொன்னா அழுவாங்க."

"இது விக்கறதுக்கில்லம்மா" என்று பிடுங்கிக்கொண்டேன். மற்றதையெல்லாம் அவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

நீ அப்பாவோடு போய்ப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து, "என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா?" என்று உன் பெரியம்மாவிலிருந்து தபால்காரர் வரை ஒருவரையும் விடாமல் புலம்பியிருக்கிறேன்.

அந்த வரிக்குக் கீழே மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதியும், என் சிவப்புப் பென்சில் டிக்கும், 'கையெழுத்து அருமை' என்று நானே எழுதியதும் இருக்கின்றன.

உன் அம்மா