ஆணியில் மாட்டிய சாவி

நேற்று அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் மண்டபத்துச் சமையல்கட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பெண் பித்தளை அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுப் புளியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். என் மகள் ஓடி வந்து, "ஏம்மா, தலை சுத்துதா?" என்றாள். உன் நினைப்பு வந்துவிட்டது என்று சொன்னால் அவளுக்கு என்ன புரியும்? "ஒண்ணுமில்ல கண்ணு" என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் ஊர் மாதர் சங்கம் தொடங்கி இரண்டாவது வருஷம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பால்வாடிக்குக் கூரை மாற்றியாயிற்று. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஊர் வரைக்கும் வேப்பங்கன்று நட்டாயிற்று. அடுத்து என்ன என்றபோது நீதான் எழுந்தாய். எங்கள் தோட்டத்தில் களையெடுக்க வந்துகொண்டிருந்து, பிறகு கட்டட வேலைக்குப் போனவள் நீ. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாய், நானும் கூச்சமே இல்லாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஒரு காதுகுத்துன்னாக்கூடப் பாத்திரத்துக்குக் கருமத்தம்பட்டிக்கு ஓட வேண்டியிருக்குதுங்க. ஊருக்குன்னு சொந்தமா வாங்கிப்போட்டா என்னங்க?" என்று கேட்டாய்.

வீட்டுக்கு வீடு தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாக்கின் ஒரு முனையை நீ பிடிப்பாய், மறுமுனையை நான். எங்கள் தெரு, நாயக்கர் தெரு, உங்கள் காலனி என்று எல்லா வாசலுக்கும் போவோம். பொன்னி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே சாக்கில்தான் விழும். "இத ஆக்குனா எந்த ஊட்டுச் சோறுன்னு யாருங்க சொல்றது?" என்று நீ சிரித்தாய். சேர்ந்த அரிசியை விற்றுத்தான் கோயமுத்தூரில் பாத்திரம் எடுத்தோம். கடையில் இருந்த அண்டாவையெல்லாம் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு, கடைக்காரர் முறைக்க முறைக்க ஒன்றைப் பொறுக்கினாய். வந்ததும் நாம் இருவரும் உட்கார்ந்து கை காந்தக் காந்தப் புளி போட்டுத் தேய்த்தோம். சங்கக் கட்டடத்துக்கு எங்கள் வீடு அடுத்த வீடு. அதனால் பாத்திர அறைச் சாவி என் இடுப்புக்கு வந்தது.

அடுத்த தையில் உன் மகள் மேரிக்குக் கல்யாணம் கூடியது. ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றாய். "அக்கா, சாவி வேணுங்க. வெசாழக்கெழம அண்டா எடுத்துக்கறோம்" என்றாய். அதற்குள் எங்கள் தெருவில் எத்தனையோ விசேஷங்களுக்கு அந்த அண்டா போய் வந்திருந்தது. காலனிக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. வீட்டுக்குள் என் மாமியார் இருமினார். எதற்கு இருமினார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"யாரைங்க கேக்கோணும்?"

சங்கத்தில் வாய் கிழியப் பேசுகிறவள் நான். அன்று முந்தானையை இழுத்து இடுப்புச் சாவியை மூடிக்கொண்டேன்.

"அரிசி எடுத்தப்ப யாரையும் கேக்கலீங்களே அக்கா" என்றாய். சத்தம்கூடப் போடவில்லை. திரும்பிப் போய்விட்டாய்.

"நாளைக்கு நம்மூட்டு விசேசத்துக்கும் அதுலயேவா ஆக்கறது?" என்று மாமியார் ஆரம்பித்தார். அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் ரொம்ப காலம் தப்பித்துக்கொண்டேன். ஆனால் சாவி அவர் இடுப்பிலா இருந்தது?

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மனசு கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். சாக்கோடு எத்தனையோ தடவை வந்த வீடுதான், ஆனால் எப்போதும் வாசலோடு சரி. பந்தல் போட்டிருந்தது. வாடகைப் பாத்திரங்களை டெம்போவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். நீ சாவியைப் பார்த்தாய், வாங்கவில்லை. என்னைத் திட்டியிருக்கலாம், நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். நீயோ இட்லிச் சட்டி மூடியைத் திறந்துகொண்டே, "உள்ள வாங்கக்கா, ஒரு வாய் சாப்புட்டுப்போட்டுப் போங்க" என்றாய்.

"இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றேன்.

"செரிங்க" என்றாய்.

மறுநாள் கருமத்தம்பட்டி சர்ச்சுக்கு வந்தேன். மேரியை வாழ்த்தினேன். எல்லோரும் பந்திக்கு உன் வீட்டுக்குக் கிளம்பும் முன்னால் பஸ் ஏறி என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு நீ வரமாட்டாய் என்றுதான் நினைத்தோம். வந்தாய். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் பெரிய ஆணி. "சாவி யாரூட்டுலயும் வேண்டாங்க. இந்தச் செவுத்துல மாட்டிப்போடலாம். வேணுங்கறவங்க நோட்டுல பேரெழுதிப்போட்டு எடுத்துக்கட்டும்" என்றாய். நம் தலைவி டீச்சரம்மா, "யாரையும் கேக்காமயா?" என்றார்.

"ஆணிக்கு யாரையும் கேக்கத் தெரியாதுங்க டீச்சர்!"

யாரோ சிரித்துவிட்டார்கள், அப்புறம் டீச்சரம்மாவே சிரித்தார். கை தூக்கச் சொன்னபோது நான்தான் முதலில் தூக்கினேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மேரியின் கல்யாணம் முடிந்துபோயிருந்தது. மெதுவாக ஒவ்வொரு கையாக எழுந்தது. எழாத கைகளும் இருந்தன, இரண்டு பேர் சங்கத்தை விட்டே போனார்கள். நாலே அடியில் நீ ஆணியை இறக்கினாய். மாமியார் பத்து நாள் என்னோடு பேசவில்லை, வீடு நிம்மதியாக இருந்தது. அந்த ஆடியில் மாரியம்மனுக்கு ஊற்றிய கூழை அந்த அண்டாவில்தான் காய்ச்சினார்கள். அதற்குள் அது காலனியில் மூன்று விசேஷம் பார்த்திருந்தது. மாமியாரும் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தார்.

நீ பழையபடி என்னோடு சாக்குப் பிடிக்க வந்தாய். என் மகள் கல்யாணத்துக்கு விடியும் முன்பே வந்து நின்றாய். முதல் பந்தியில் உட்கார்ந்து, "ரசம் இன்னொருக்கா ஊத்துங்க" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பிறகு மேரியோடு தாராபுரம் போய்விட்டாய். போனில் பேசும்போதெல்லாம், "ஒருக்கா ஊட்டுக்கு வாங்கக்கா, நானே ஆக்கிப் போடறேன்" என்பாய். "வாரேன், வாரேன்" என்பேன். தாராபுரம் என்ன, சீமையிலா இருக்கிறது? எந்த முகத்தோடு வந்து உட்காருவது என்றுதான் தள்ளித் தள்ளிப் போட்டேன்.

கடைசியில் நீ கண்ணை மூடிய பிறகுதான் வந்தேன். மேரி இலை போட்டாள். "அக்கா ஒரு நாளைக்கு வருவாங்கன்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க" என்றாள். இரண்டாம் முறையும் சோறு வாங்கி, அழுதுகொண்டே சாப்பிட்டேன். "அப்படியே உங்கம்மா கை ருசி கண்ணு" என்று அவளைத் தேற்றினேன். உன் கை ருசி எனக்கு எப்படித் தெரியும்?

நீ உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது சொல்கிறேன். அன்று நான் சாப்பிட்டுவிட்டு வரவில்லை. நீ சாவியை வாங்குவாயோ மாட்டாயோ என்ற பயத்தில் காபிகூடக் குடிக்காமல்தான் வந்தேன். நீ இட்லிச் சட்டியைத் திறந்தபோது எனக்கு நல்ல பசி. அது இன்னும் அப்படியே இருக்கிறது.