கதவுக்கு வெளியே வைத்த தேத்தண்ணி

1979 ஆகஸ்ட் 7, செவ்வாய்

காற்று ஓயவில்லை. பிள்ளைக் காம்பராவின் கூரைத் தகரம் காலையிலிருந்து படபடவென்று அடித்ததில் ஒரு பிள்ளையும் தூங்கவில்லை. ஒன்றை ஆட்டித் தூங்க வைத்தால் பக்கத்துத் தொட்டில் எழுந்துகொள்ளும். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன தாய்மார் பத்து மணிக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வரும்வரை காதுக்குள் அழுகைதான். என் தவமணியும் அந்தக் கூட்டத்தில் அழுதாள். அவளைக் கடைசியாகத்தான் தூக்கினேன். ஆயாவுக்குச் சம்பளம் ஊரார் பிள்ளையைப் பார்க்கத்தானே, சொந்தப் பிள்ளைக்கு இல்லையே.

வீட்டுக்கு வந்தால் மூத்தவள் ரஞ்சிதத்துக்குத் தலை நிறையப் பேன். நடுவுள்ளவள் இந்திராணி சிலேட்டை உடைத்து வைத்திருக்கிறாள். ஒருத்தியையும் அடிக்கவில்லை. பொறுமை என்று யாரும் நினைக்க வேண்டாம், கையைத் தூக்கத் தெம்பில்லை.

இவர் இன்றைக்கும் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வந்தார். தோட்டத்துத் துரை பங்களாவில் சமைக்கிற அப்புவுக்கு வாழ்க்கைப்பட்டால் அப்படித்தான். துரைமார் சாப்பிட்டு, கோப்பி குடித்து, தட்டுக் கழுவி முடிந்த பிறகுதான் எனக்குப் புருஷன். விடியுமுன்னே அவர்களுக்குப் படுக்கைத் தேத்தண்ணி கொடுக்க ஓடிவிடுவார்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

மத்தியானம் இவர் வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கல்லைக் கல்லை எடுத்துப் போட்டார். பிறகு சொன்னார்.

"ஆவணி பதினாறு, நம்ம கல்யாண நாள் வருதுல்ல. துரையும் துரைசாணியும் வருசா வருசம் கல்யாண நாளுக்கு நுவரெலியா போறாங்க, பிள்ளைங்கள ஆயாகிட்ட விட்டுட்டு. நம்மளும் எங்கயாச்சும் போவமா, ஜெயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "துரைசாணிக்கு ஆயா இருக்கு. நானே ஆயா. என் பிள்ளைங்கள யாரு பாக்குறது?"

"அக்கா பாத்துக்கும். கேட்டுட்டேன். எல்லயில ரெங்கசாமி இருக்கான். போகவர ரெண்டு நாள்."

ரெங்கசாமி முன்பு துரை பங்களாவில் இவருக்குக் கையாளாக இருந்தவன். இப்போது எல்ல ஊரில் ஒரு கொழும்பு முதலாளியின் பங்களாவைக் காவல் காக்கிறான். முதலாளி வருஷத்துக்கு ஒரு தரம் வந்தால் பெரிய விஷயமாம்.

"எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"சும்மாதான்."

இவர் சும்மா எதையும் செய்கிற ஆள் இல்லை. சும்மா இருக்கவும் தெரியாது.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

சந்தேகம் தீர்ந்தது. நாத்தனார் கருப்பம்மாவுக்கு நம் லயத்து வீட்டு வரிசையிலேயே கடைசிக் காம்பரா. இன்று தண்ணி பிடிக்கிற பீலியடியில் பிடித்துக்கொண்டாள்.

"நிம்மதியா போய்ட்டு வா. பிள்ளைங்க என் பொறுப்பு. வரும்போது மட்டும் ஒரு பயலுக்கு வழி பண்ணிட்டு வந்துரு. மூணும் பொட்டையா போச்சு. கொள்ளி வைக்க ஒருத்தன் வேணாமா எந்தம்பிக்கு?"

சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தவமணி பிறந்தபோது இரத்தம் நிற்காமல் என்னைக் கொழுந்து லொறியில் சாக்கு விரித்துப் போட்டு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இனி ஒன்று வேண்டாம், உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் செய்துகொள், புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அதைத்தான் இன்றுவரை இவரிடம் கேட்கவில்லை. டாக்டர் வேண்டாம் என்றார் என்பது வரை சொன்னேன். "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று இன்னும் தெரியவில்லை.

ஏன் கேட்கவில்லை? எப்போது கேட்பது? நடு இரவில் தூக்கத்தில் கேட்பதா? அது மட்டுமில்லை. கேட்டு, முடியாது என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்த மனுஷனோடு எப்படி இருப்பது? கேட்காமல் இருக்கும்வரைக்கும் நல்லவர்தானே.

என்னை லொறியில் ஏற்றிய அன்றைக்குப் பங்களாவில் விருந்து. இவர் வரவில்லை. விடிந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார், கையில் கேக் துண்டோடு. அதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

ஆகஸ்ட் 20, திங்கள்

தவமணிக்குக் காய்ச்சல். அப்பாடா, போக வேண்டாம் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம். என்ன தாய் நான்?

ஆகஸ்ட் 22, புதன்

காய்ச்சல் விட்டுவிட்டது.

செப்டம்பர் 1, சனி. எல்ல

பஸ்ஸில் பதுளை டவுனுக்கு வந்து ஸ்டேஷனில் கோச்சி பிடித்தோம். தவமணி கருப்பம்மாவின் இடுப்பிலிருந்து கையை நீட்டிக்கொண்டு கத்தியது பஸ் திரும்பும்வரை கேட்டது. கோச்சியில் உட்கார்ந்ததும் என் மடி வெறுமையாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

தெமோதரையில் கோச்சி வளைந்து, தான் வந்த பாதைக்கு மேலேயே போகும். "ரஞ்சிதம் பாத்தா கத்துவா" என்றேன். "இந்திராணி எட்டிப் பாக்குறேன்னு விழுந்துருவா" என்றார். வழி நெடுக நாங்கள் பேசியது அவ்வளவுதான். அதிலும் பிள்ளைகள்தான்.

ரெங்கசாமி எங்களை முன்பக்கத்துப் பெரிய அறையில் தங்கச் சொன்னான். பின்பக்கத்துக் காம்பரா போதும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "இருக்கட்டும் அண்ணி, யாரு வரப்போறா" என்றான். ரப்பர் மெத்தையில் உட்கார்ந்தால் அது உள்ளே இழுக்கிறது. எழுந்துவிட்டேன்.

இவர் பையிலிருந்து ஒரு டின்னை எடுத்தார். கேக். துரைசாணியைக் கேட்டு, மிச்ச மாவில் செய்தாராம். எனக்கு ஆஸ்பத்திரிக் கேக்தான் ஞாபகம் வந்தது. வாங்கி மேசையில் வைத்தேன். பொழுது சாயும்போதே பாயை விரித்துத் தரையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கிட்டே வந்தால் என்ன சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 2, ஞாயிறு. காலை

நேற்று எழுதி முடித்தது நினைவிருக்கிறது. தூங்கியது நினைவில்லை. அவர் கிட்டே வந்தாரா, தெரியாது. எழுந்தபோது என் மேல் போர்வை இருந்தது. கட்டிலில் ஆளைக் காணவில்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள். மெதுவாக, இரண்டு தட்டு. பயந்து உட்கார்ந்துவிட்டேன். முதலாளி வந்துவிட்டாரோ! சத்தமில்லை. எழுந்து கதவைத் திறந்தால், கீழே ட்ரே. மூக்கு வைத்த தேத்தண்ணிப் போச்சி, பால், சீனி, இரண்டு கோப்பை, மடித்த துவாய்த் துண்டு. ஆள் இல்லை.

இவர்தான். அவ்வளவு வருஷப் பழக்கம். கதவைத் தட்டு, ட்ரேயை வை, திரும்பிப் பார்க்காமல் போ. உள்ளே இருப்பது சொந்தப் பெண்சாதி என்றாலும் கால் அப்படித்தான் போகும் போலிருக்கிறது. இரண்டு கோப்பை வேறு வைத்திருக்கிறார்! இரண்டாவது கோப்பை யாருக்காம்?

சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனுஷன் எனக்குக் கதவுக்கு வெளியேதான் இருக்கிறார். ஒரு கோப்பையை நான் குடித்தேன். மற்றது ஆறிப்போனது.

இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும்.

செப்டம்பர் 3, திங்கள். பிள்ளைக் காம்பரா

கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

நேற்றுக் காலையில் பாண் ரொட்டி சாப்பிடும்போது கேற்றடியில் கார் ஹோர்ன். ரெங்கசாமி வெளிறிப்போய் ஓடி வந்தான். "வீரசிங்கம் அண்ணே, காப்பாத்துங்க! முதலாளியோட தம்பி குடும்பம். சொல்லாம வந்துட்டாங்க. எனக்குச் சமைக்கத் தெரியாதே!"

பாயைச் சுருட்டி, பையை எடுத்து, கேக் டின்னைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக் குசினிக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் இவர் வெள்ளைக் கோட்டில் நிற்கிறார். பையில் கொண்டுவந்திருக்கிறார்! கல்யாண நாளுக்கு எவனாவது வெள்ளைக் கோட்டு கொண்டு வருவானா? "பழக்கம்" என்றார்.

அந்த அம்மாவின் கையில் ஒரு குழந்தை, கார்ப் பயணத்தில் வாந்தி எடுத்து அழுதுகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் யார் என்று கேட்கவே இல்லை. குழந்தையை நீட்டினாள். என் கையும் கேட்காமல் வாங்கிக்கொண்டது. பத்து மணிக்கு மலையைப் பார்த்தேன், பால் கொடுக்க யார் இறங்கி வருகிறார்கள் என்று. பைத்தியம்.

இவர் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குசினியில் இவர் வேறு ஆள். நிமிர்ந்து நிற்கிறார், கை தயங்குவதில்லை. என் இடுப்பில் யாரோ பெற்ற பிள்ளை. சட்டென்று எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது.

"பய ஒண்ணு பெத்துக்கத்தானே என்னையக் கூட்டிட்டு வந்தீங்க?"

கத்தி நின்றது.

"அக்கா அப்படிச் சொல்லித்தான் பிள்ளைங்கள வச்சுக்கிறேன்னுச்சு. நானும் மறுத்துச் சொல்லல. சொன்னா பிள்ளைங்களப் பாக்க ஆளில்ல."

"அப்ப எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? சொல்லுங்க!"

"நான் வீட்டுக்கு வரும்போது நீ ஒக்காந்துகிட்டே தூங்குற, ஜெயா. சட்டிய கழுவிக்கிட்டே தூங்குற. ஒருநா அடுப்புல சாஞ்சிருவியோன்னு பயமாருக்கு. ரெண்டு நாள் படுத்துத் தூங்கட்டும்னுதான்."

ஆனாலும் விடவில்லை. இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை.

"எனக்கு இன்னொன்னு வேணாங்க. பெத்தா செத்துருவேன். ஆபரேஷன் பண்ணிக்கணும், நீங்க கையெழுத்துப் போடணும். மாட்டேன்னா இப்பவே சொல்லிருங்க. லொறியில நான் கெடந்தப்ப நீங்க விருந்துக்குப் பரிமாறிக்கிட்டு இருந்தீங்க. நான் செத்துருந்தாலும் கோப்பி குடுத்துட்டுத்தான் வந்திருப்பீங்க!"

எப்படி அதைச் சொன்னேன்? இடுப்பிலிருந்த பிள்ளை மிரண்டு என் முகத்தைப் பார்த்தது. இவர் வாயைத் திறந்தார். அதற்குள் முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"அப்பு!"

யாரென்றே தெரியாத மனிதர் கூப்பிடுகிறார். இவர் சூப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பதில் அதுதான்.

சாயங்காலக் கோச்சியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வந்தோம். கேக்கைப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள்.

செப்டம்பர் 9, ஞாயிறு

பேச்சில்லை. கோபமும் இல்லை போலத்தான் இருக்கிறது. இன்று ரஞ்சிதத்துக்குப் பேன் பார்த்தார். நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டதையே எத்தனை தரம் கேட்பது?

செப்டம்பர் 23, ஞாயிறு

கருப்பம்மா என் வயிற்றைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறாள். "ஏதாச்சும் விசேசம் உண்டா?"

"உண்டு அண்ணி. நல்லாத் தூங்கிட்டு வந்தேன்" என்றேன்.

அக்டோபர் 3, புதன்

தகரம் ஒன்று காற்றில் போய்விட்டது. மழை வந்தால் ஏழு தொட்டில் நனையும். இடுப்பு வலி. இவர் நேற்றிரவு தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவோடு ரோட்டில் நின்று பேசிக்கொண்டிருந்ததாக ரஞ்சிதம் சொன்னாள். துரைக்கு மருந்து வாங்கியிருப்பார்.

அக்டோபர் 9, செவ்வாய்

வேலை முடிந்து வந்தால் காம்பராக் கதவு திறந்திருக்கிறது. இவர் பாயில் படுத்திருக்கிறார். பகலில்! கிழமை நாளில்! யாருக்கு என்ன ஆனதோ! எழுந்திருக்கப் பார்த்தார், முகம் சுளித்தது, மறுபடி படுத்துக்கொண்டார்.

"விழுந்துட்டீங்களா?"

"இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

"என்னத்துக்கு?"

கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒனக்குச் செய்யணும்னாங்கல்ல, அத எனக்குச் செய்யலாமான்னு டிஸ்பென்சரி ஐயாகிட்ட கேட்டேன். செய்யலாமாம். ஆம்பளைக்குச் சின்ன வேலதானாம். ஒன்னையக் கீற வேணாம்னு நெனச்சேன். கொஞ்ச நாளைக்கு மட்டும் கவனமா இருக்கச் சொன்னாங்க."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். தவமணி இடுப்பிலிருந்து நழுவி இறங்கி அப்பாவிடம் ஓடினாள். "மேல ஏறாத, ஏறாத!" என்று அவர் பதறியபோதுதான் எனக்கு உயிர் வந்து அவளைப் பிடித்தேன்.

அதற்குள் கருப்பம்மாவுக்குச் சேதி போய்விட்டது. வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி, குடும்பத்தையே அறுத்துட்டு வந்திருக்கியே! நாலு பேரு சிரிப்பாங்களேடா!"

இவர் எப்போதும் அக்காவை எதிர்த்துப் பேசாதவர். படுத்தபடியே சொன்னார்.

"லொறியில இவளோட நாலு பேரா போனாங்க, அக்கா? நானே போகல."

அவள் போய்விட்டாள். இனி என்னோடு பேசமாட்டாள். இருக்கட்டும்.

துரையிடம் வெள்ளிக்கிழமை வரை லீவு சொல்லியிருக்கிறாராம். "துரைக்குத் தேத்தண்ணி?" என்று கேட்டேன். "அவரே போட்டுக் குடிக்கட்டும்" என்றார்.

அக்டோபர் 10, புதன்

இருட்டோடு இவருக்கு விழிப்பு வந்துவிட்டது. எழுந்திருக்கப் போனவரைப் பிடித்துப் படுக்க வைத்தேன். பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கினார்கள். வெளி அடுப்பில் தேத்தண்ணி ஊற்றினேன். ட்ரே இல்லை, சோற்றுத் தட்டில் இரண்டு கோப்பையை வைத்தேன். கருப்பட்டி ஒரு துண்டு.

எங்கள் காம்பராவுக்கு ஒரே கதவு. அதைச் சாத்தி, மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினேன்.

உள்ளே சிரிக்கிற சத்தம். சிரித்தால் வலிக்கும் என்று முனகல்.

"வச்சுட்டுப் போயிராத, புள்ள. உள்ள வா."

போனேன். விடிகாலை வேலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும்வரை இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து குடித்தோம்.