வாய்க்காலுக்கு வடக்கு

அன்று நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? ஏழெட்டு வருடமாக இதை என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடை தெரியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ இறந்துபோனதை, திட்டக்குடியிலிருந்து வந்த ஒருவர் இன்று காலை அலுவலகத்தில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். இரண்டாவது பிரசவமாம். அவர் போனதும் மேசையின் அடி இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். நீ எழுதிய பத்திர வரைவு. உன் நீல மை எழுத்து. அதன்மேல் என் சிவப்பு மை.

பீங்கான் சூளை போட ஆட்கள் விருத்தாசலத்தைச் சுற்றி இடம் தேடிக்கொண்டிருந்தபோது நீ வேலைக்கு வந்தாய். நம் முதலாளி அவர்களுக்கு நிலம் பேசி முடித்துக்கொடுப்பார். பத்திரம் தயார் செய்வது என் பொறுப்பு. அறுபதுகளில் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தபோது, பதிவு அலுவலக வராந்தாவில் இருந்தவர்கள், "டீச்சர் வேலைக்குப் போவலாமேம்மா, இங்க எதுக்கு வந்து நிக்கிற?" என்று சிரித்தார்கள். யாரும் எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை. படித்த பெண்கள் பின்னால் வருகிறவர்களைக் கைதூக்கிவிட வேண்டும் என்ற மேடைப் பேச்சிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. உனக்குச் சொல்லிக்கொடுத்ததற்குக் காரணம், நீ விடாமல் கேட்டாய் என்பதுதான்.

"அக்கா, வில்லங்கம் எத்தனை வருசத்துக்குப் பாக்கணும்?" "அக்கா, மைனருக்குப் பங்கு இருந்தா யாரு கையெழுத்துப் போடுவாங்க?" சோற்றுக்கு நடுவிலும் கேள்விதான். ஒருநாள் பொறுக்காமல், "சாப்பிட வுடுடி" என்றேன். "சாப்புடுங்கக்கா, காது சும்மாதானே இருக்குது" என்றாய்.

சார்பதிவாளர் முன்னால் முதல்முறை நின்றபோது உனக்குக் குரலே எழவில்லை. ஆறு மாதத்தில் நீயே முன்னால் போய்ப் பேசினாய். "நீங்க பின்னாடி நிக்கிறீங்கன்னுதாங்க்கா பேச்சு வருது" என்பாய். எனக்கு அது பிடித்திருந்தது. காட்டிக்கொண்டதில்லை.

கம்மாபுரத்தில் உன் அப்பா ஒரு நிபந்தனையோடுதான் உன்னை அனுப்பியிருந்தார். "வேல இருக்குற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டாராம். வேல போச்சுன்னா மறு மாசமே மேளந்தாங்க்கா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

சூளைக்காரர் ஒருவர் வாங்கிய நிலத்துக்குப் பழைய பத்திரத்தில் 'வாய்க்காலுக்கு வடக்கு' என்று எல்லை போட்டிருந்தது. நிலம் வாய்க்காலுக்கு வடபுறம் இருக்கிறது என்று பொருள். அப்படியானால் வாய்க்கால் நிலத்தின் தெற்கு எல்லை. 'தெற்கில் வாய்க்கால்' என்று நீ சரியாகவே எழுதியிருந்தாய். நான் அவசரத்தில் பழைய பத்திரத்திலிருந்த 'வடக்கு' என்ற சொல்லை மட்டும் பார்த்தேன். உன் வரியை அடித்து, 'வடக்கில் வாய்க்கால்' என்று மாற்றினேன்.

"இல்லக்கா, நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன். வாய்க்கா தெக்காலதான் ஓடுது."

"பத்திரத்தப் பாத்து எழுது. எனக்கே பாடம் எடுக்காத."

நீ பத்திரத்தாளை எடுத்தாய். நான் மாற்றியபடியே எழுதினாய். பதிவும் ஆயிற்று.

பத்திரத்தை நம்பி வாய்க்காலுக்குத் தென்புறம் வேலி போடப் போன சூளைக்காரரை, அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் ஆள் வைத்து விரட்டினார். சூளைக்காரர் நேராக நம் அலுவலகத்துக்கு வந்து பத்திரத்தை மேசைமேல் வீசினார்.

"யாரு எழுதுனது இது?" என்றார் முதலாளி.

எழுத்து உன்னுடையது. நீ என்னைப் பார்த்தாய், ஒரே ஒரு தடவை. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"நான்தாங்க எழுதினேன்" என்றாய்.

"வடக்கு தெக்கு தெரியாதவளுக்கு பி.ஏ. ஒரு கேடா? நாளையிலேருந்து வராத."

வரைவு என் இழுப்பறையில், கை எட்டும் தூரத்தில் இருந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றால் அது பொய். என்னை அவர் அனுப்பியிருக்கமாட்டார். கொஞ்சம் திட்டு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். நீ சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, தினமும் சொல்வதுபோல, "போயிட்டு வரேங்க்கா" என்றாய்.

உன் அப்பா சொன்ன சொல் தவறவில்லை. திட்டக்குடியிலிருந்து மாப்பிள்ளை வந்தார். பத்திரிகை அனுப்பியிருந்தாய். நான் வரவில்லை. அந்த வரைவுத் தாளை இன்றுவரை நான் கிழிக்கவுமில்லை, யாரிடமும் காட்டவுமில்லை.

நீ வேலையை விட்டுப் போன மறுநாள் நடந்தது உனக்குத் தெரியாது. எழுதிவிடுகிறேன். முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து சீக்கிரமே போனேன். வாசலில், சான்றிதழ்களைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"யாரு அனுப்பினா?"

"எங்க எதுத்த வூட்டு அக்காங்க. நேத்து வரைக்கும் இங்க வேல பாத்தாங்களே, அவங்க. எடம் காலியா இருக்குதுன்னாங்க. மொதல்ல அதட்டுவாங்க, பயந்துக்காத, நல்லா சொல்லிக்குடுப்பாங்கன்னாங்க."

"வேற என்ன சொன்னா?"

"வேற ஒண்ணும் சொல்லலீங்க."

முதலாளி வந்தார். "யாரும்மா இது?" என்றார். "வேலைக்கு வந்திருக்கு" என்றேன். உன் நாற்காலியில் அவளை உட்காரச் சொன்னேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.