வலக் கன்னத்து மச்சம்

கையில் ஒட்டிய மசியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வாடை வந்தாலே நீ பக்கத்தில் நின்று மூக்கைச் சுளிப்பது போலிருக்கிறது. இத்தனை வருடம் மரப்பலகையில் படம் செதுக்கி அச்செடுத்தும் உனக்கு இது ஒத்துக்கொள்ளவேயில்லை. எனக்கோ இப்போது எதுவுமே ஒத்துக்கொள்வதில்லை. தோள்பட்டை வலிக்கிறது. முன்பக்கத்து லாரிப் பட்டறையில் தகரம் தட்டும் சத்தத்தைக் கேட்டால் எழுந்து போய்ச் சண்டை போடலாமா என்றிருக்கிறது. நீ இருந்தபோது அதே சத்தத்துக்குத் தலையாட்டிக்கொண்டே வேலை செய்தவள்தான் நான்.

போன வாரம் உன் அம்மா வந்தார். உன் முதலாண்டு நினைவு நாளுக்காக உன் முகத்தைச் செதுக்கி அச்செடுத்து வைத்திருந்தேன். போனில் உன் படங்கள் நிறையவே இருக்கின்றன. ஒன்றைக்கூடப் பார்க்காமல், மனதிலிருந்தே செதுக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அம்மா வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா மச்சம் அந்தப் பக்கமில்லையே. எம்புள்ளைக்கு இங்கயல்ல இருந்துது,” என்று தன் இடக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

நான் வலக் கன்னத்தில் வைத்திருந்தேன். எதிரெதிரே உட்கார்ந்து இத்தனை காலம் டீ குடித்த முகம். எப்படித் தப்பும்? அவர் போன பிறகுதான் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த உன் பலகை கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்த நாட்களில், கண்ணாடியைப் பார்த்து நீயே செதுக்கிய உன் முகம். அதில் மச்சம் வலக் கன்னத்தில் இருந்தது. ஒரு வருடமாகத் தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பலகையில் எல்லாம் இடம் வலமாக மாறித்தான் இருக்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குகிறவள் நான். நீ கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது.

அந்தப் பலகையை நீ அச்செடுக்கவே இல்லை. “உடம்பு தேறட்டும், ரெண்டு பேருமா எடுத்துக்கலாம்,” என்றாய். தேறவில்லை.

நமக்குள் ஒரு வழக்கம் இருந்ததே. பலகையைச் செதுக்கியவள் முதல் தாளைத் தூக்கக் கூடாது, மற்றவள்தான் தூக்க வேண்டும். நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாய். “ஏம்புள்ள, எப்புடி வந்துருக்குது?” என்பாய். நான் வேண்டுமென்றே வாயைத் திறக்காமல் இருப்பேன். உனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிடும்.

இன்று காலை உன் பலகைக்கு மசி தடவினேன். தாளை விரித்து, நம் பழைய கரண்டியின் முதுகால் தேய்த்தேன். பாதியிலேயே கை ஓய்ந்துவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்து முடித்தேன். முறைப்படி நான்தான் தாளைத் தூக்க வேண்டும். என்னால் முடியவில்லை. மறுபடி தப்பாக வந்தால் உன்னை எங்கே போய்த் தேடுவேன்?

படத்தை வாங்கிப்போக உன் அம்மா வந்திருந்தார். “நீங்க தூக்குங்கம்மா,” என்று சொல்லிவிட்டு, உன்னைப் போலவே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். தாள் பிரியும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. எனக்குக் கழுத்து வேர்த்தது.

“வந்துட்டா சாமி,” என்றார்.

திரும்பினேன். மச்சம் இடக் கன்னத்தில் இருந்தது. பலகையில் இருந்தது கண்ணாடியில் நீ பார்த்துக்கொண்ட முகம். தாளில் வந்தது நாங்கள் பார்த்த முகம். இருவரும் நின்று அழுதோம்.

படத்தை அம்மா எடுத்துப் போய்விட்டார். பலகை என்னிடம் இருக்கிறது. துடைத்து, சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. தினமும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் உன்னை மறந்துகொண்டிருந்தேன்.