கூடுதலாக இரண்டு அடுக்கு

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் ஒரே மூடுபனி. பட்டறை போய்ச் சேர்வதற்குள் சைக்கிளோடு இரண்டு முறை வாய்க்காலில் இறங்கப் பார்த்தேன்.

புதுப் பந்தய வண்டியின் மூக்குக்கு வரைபடம் தயார். ஆத்தோஸ் அதை மேசையில் விரித்துவிட்டுப் புதுமாப்பிள்ளை மாதிரி நின்றார். எங்கள் பட்டறையில் முதலாளியும் அவரே, வண்டியை வடிவமைப்பவரும் அவரே, காபி இயந்திரம் மக்கர் செய்தால் பிரித்துப் பார்ப்பவரும் அவரே.

வண்டியை ஓட்டப்போவது என் மிர்கா. எழுதும்போதே சிரிப்பு வருகிறது. இன்னொரு முறை எழுதிக்கொள்கிறேன்: ஓட்டப்போவது என் மகள் மிர்கா. மார்ச்சில் வரானோவில் முதல் பந்தயம். அதற்குள் மூக்கு மோதல் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் வண்டி இறங்காது, அவளுக்கு இந்த வருடம் பந்தயமே இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

கார்பன் இழைத் துணி வெட்டினேன். மூக்கின் நுனியில் மூன்றே அடுக்கு! என் மழைக்கோட்டு இதைவிடத் தடிமன். இதற்குப் பின்னால்தான் என் மகளின் பாதங்கள் இருக்கப்போகின்றன.

ஆத்தோஸிடம் கேட்டேன். "அது நொறுங்கணும்மா. நொறுங்கி நொறுங்கித்தான் வேகத்தத் தின்னும்" என்றார். எனக்குத் தெரியாதா? பல வருடமாக இதைத்தானே செய்கிறேன். ஊரார் பிள்ளைகளுக்குச் செய்தபோதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

வரைபடத்தில் இல்லாத இரண்டு அடுக்கு போட்டுவிட்டேன். நுனியிலிருந்து கடைசிவரை. யாரும் கவனிக்கவில்லை. இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

அடுப்பிலிருந்து மூக்கு வெந்து வந்தது. கறுப்பழகி. ஆத்தோஸ் தராசில் வைத்துப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"என்னம்மா நீவெஸ், கொஞ்சம் பூசினாப்ல இருக்கே?"

"புதுச் சுருள் இல்லையா, துணியில பிசின் அதிகமா இருந்திருக்கும்" என்றேன். என் முகம் என்ன நிறத்தில் இருந்ததோ.

பிப்ரவரி 26, புதன்

மிலான் பக்கத்துச் சோதனைக்கூடம். ஓட்டுபவர் உட்காரும் கூட்டைத் தண்டவாள மேடையில் கட்டி, முன்னால் என் மூக்கைப் பொருத்தி, அப்படியே சுவரில் மோதவிட்டார்கள். டமாரென்று ஒரு சத்தம். புகை அடங்கிப் பார்த்தால் — மூக்கு உடையவே இல்லை! நுனி மட்டும் லேசாகச் சிதைந்திருந்தது. நான் துள்ளிக் குதித்து மிர்காவைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தேன்.

ஆத்தோஸ் குதிக்கவில்லை. மெதுவாகச் சுற்றி வந்து குனிந்தார். கூட்டில், கால் வைக்கும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

"மூக்கு தப்பிச்சிருச்சு. உள்ள இருக்கறவ தப்பிக்கல" என்றார்.

மூக்கு நொறுங்காததால் அடி முழுக்கப் பின்னால் போயிருக்கிறது. என் மகளின் கால் இருக்கும் இடத்துக்கு. நான் செய்தது. கடவுளே, என் கையால் நான் செய்தது.

அங்கேயே சொல்லிவிட்டேன். "ரெண்டு அடுக்கு கூடப் போட்டேன். பிசின் இல்ல, நான்தான்." ஆத்தோஸ் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். எடுத்துத் தூசி தட்டினார். மறுபடியும் அடித்தார்.

"நீ சொல்லாம விட்டிருந்தா, வரைபடந்தான் தப்புன்னு நெனச்சு அதப் போய் மாத்தியிருப்பேனே! ஒழுங்கா இருக்கறதக் கெடுத்துத் தொலச்சிருப்பேனே!"

திரும்பும் வழியில் ஆத்தோஸ்தான் காரை ஓட்டினார். பார்மா வரும்போது பின்சீட்டில் மிர்கா களுக்கென்று சிரித்தாள். "அம்மா, இதுலயும் உன் அனோலினி சூப்பு வேலையா? போதும் போதும்னு கத்தினாலும் இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி!"

ஆத்தோஸின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போனேன். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். ஓட்ட முடியாமல் காரை ஓரங்கட்டினார். நான் அழுதேன், பிறகு சிரித்தேன், இரண்டையும் சேர்த்தும் செய்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

அடுத்த மூக்கை வேறு ஆள் போடட்டும் என்கிறார் ஆத்தோஸ். மிச்சம் இருப்பது ஒரே ஒரு கூடு, அதுவும் போனால் பந்தயம் போயிற்று. நியாயந்தான். ஆனாலும் என் கத்தரியை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

மிர்கா தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். "எங்கம்மா போட்டாத்தான் நான் உள்ள உக்காருவேன்."

"உங்கம்மா போட்டதாலதாண்டி ஒரு கூடு போச்சு!"

"அதனாலதான் சொல்றேன். ஒண்ணு கூடினா என்ன ஆகும்னு இந்தப் பட்டறையிலயே நல்லா தெரிஞ்ச ஆளு இப்ப அவங்கதான்."

ஆத்தோஸ் என்னைப் பார்த்தார். "இவள வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கலாம்மா நீ" என்று சொல்லிவிட்டு, கார்பன் துணி வைக்கும் குளிர்பெட்டியின் சாவியை என் பக்கம் எறிந்தார்.

மார்ச் 5, புதன்

நுனிக்கு மூன்று அடுக்கு போட்டு முடித்தேன். என் கை தானாகவே சுருள் பக்கம் போயிற்று. இழுத்து ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டேன். பயமாக இருக்கிறது. பயத்துக்கு ஒரு அடுக்கு போட வழியில்லையே!

மார்ச் 14, வெள்ளி

தேறிவிட்டது! தேறிவிட்டது!

காய்ந்த ரொட்டி மூட்டையை மிதித்தது போல ஒரு சத்தம். நுனியிலிருந்து வரிசையாக, பொடிப்பொடியாக, மூக்கு தன்னைத்தானே தின்றுகொண்டே போய்க் கடைசியில் ஒரு கை அகலம் மிச்சம் வைத்து நின்றது. கூட்டில் கீறல்கூட இல்லை. நான் ஒரு வாரம் உட்கார்ந்து இழைத்தது கறுப்புத் தூளாகக் கிடக்கிறது, எனக்கானால் ஆனந்தம் தாங்கவில்லை. ஆத்தோஸ், சோதனையைப் பார்க்க வந்திருந்த பந்தயச் சம்மேளனத்து அதிகாரியின் கன்னத்தில் முத்தமிட்டார். பாவம், அவர் கண்ணாடி கோணிப்போயிற்று.

பட்டறையில் எங்கள் ஊர்ப் பூரியான தோர்த்தா ஃப்ரித்தா பொரித்தோம். சுடச்சுட, உப்பலாக, மேலே பன்றித்தொடை இறைச்சி. லாம்ப்ரூஸ்கோ ஒயின் எத்தனை புட்டி என்று யாரும் கேட்க வேண்டாம். உடைந்த மூக்கில் ஒரு துண்டை வழக்கம்போல அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டினோம்.

மார்ச் 23, ஞாயிறு

வரானோ. மிர்கா நான்காவதாக ஓடிக்கொண்டிருந்தாள். முன்னால் போனவன் திடீரென்று சுழன்றான். இவள் அவனுக்கு ஒதுங்கி, புல்லில் வழுக்கி, நேரே சுவரில்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். சத்தம் கேட்டது. காய்ந்த ரொட்டி. எனக்குத் தெரிந்த சத்தம், நன்றாக உடைந்த சத்தம். வேலியில் ஏறப் பார்த்தேன், ஆனாலும் காது மட்டும் சொன்னது: ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவளே வண்டியிலிருந்து எழுந்து இறங்கினாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். நேராக அந்தப் பையனிடம் போய்க் கையை ஆட்டி ஆட்டித் திட்ட ஆரம்பித்தாள். அவன் பாட்டன் முப்பாட்டன் வரை போனாள். என் வாழ்நாளில் இவ்வளவு இனிமையான கெட்ட வார்த்தைகளை நான் கேட்டதில்லை.

ஆத்தோஸ் கூட்டின் முன்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு கீறல் இல்லை. என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். இந்தத் தடவை தரையில் அடிக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

மிர்காவின் தோள் இரண்டிலும் பெல்ட் பதிந்த ஊதாத் தழும்பு. வேறெதுவும் இல்லை. மத்தியானம் வரை தூங்கினாள், எழுந்ததும் மறுபடி அந்தப் பையனைத் திட்டினாள்.

அனோலினி சூப்பு வைத்தேன். அளவாக ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"என்னம்மா, அவ்வளவுதானா?" என்று தட்டை நீட்டினாள். "இன்னும் ரெண்டு கரண்டி போடு."

மார்ச் 26, புதன்

புது மூக்கு ஆரம்பித்தேன். நுனியில் மூன்று அடுக்கு. வெயில் நன்றாக அடித்ததால் சைக்கிளில் ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.